வயலினின் கழுத்தும் வச்சிரப் பசையும்

காந்தருவதத்தையோடு இசைப்போருக்கு வந்த சீவகன், தன்னிடம் நீட்டப்பட்ட யாழ்களை எடுத்த எடுப்பிலே மீட்டிவிடவில்லை. ஒன்று நீரிலே கிடந்து நைந்த மரம், ஒன்று தீயிலே வெந்த மரம், இன்னொன்று இடி விழுந்த மரம் என்று குற்றங் கண்டு ஒவ்வொன்றாக விலக்குகிறான். நரம்பின் முறுக்குக்குள் ஒளிந்திருந்த மயிரைக்கூடப் பிரித்துக் காட்டுகிறான். சீவக சிந்தாமணியிலே இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம், திருத்தக்கதேவர் சிலகாலம் ஒரு தச்சருடைய பட்டறையிலே இருந்திருப்பாரோ என்று எனக்கு ஐயம் வரும்.

அந்த யாழ் நம்மிடம் தங்கவில்லை. செய்யவும் செப்பனிடவும் தெரிந்த கைகள் அற்றுப்போனபின், விபுலாநந்த அடிகள் அதை ஏடுகளிலிருந்து கணக்கிட்டு மீட்க வேண்டியிருந்தது. 1947இல் வெளிவந்த யாழ் நூல் அந்த உழைப்பின் பயன். இன்று நம் மேடைகளிலே பாட்டுக்குத் துணை நிற்பது வயலின். நேயர்களே, அதன் கழுத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பழைய வயலினொன்றின் கழுத்தை ஏன் கழற்ற வேண்டும், எப்படிக் கழற்றிப் பூட்டுகிறார்கள் என்பதே பொருள்.

வயலினின் உடல் ஒரு மெல்லிய பெட்டி. மேற்பலகை ஸ்புறூஸ் என்ற ஊசியிலை மரம். முதுகும் கழுத்தும் மேப்பிள். கழுத்தின்மேல் ஒட்டிய விரல்பலகை கருங்காலி. மேனாட்டுச் சுருதியிலே நான்கு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் இழுவை 20 கிலோவுக்கு மேல். நமது சுருதி பெரும்பாலும் அதைவிடத் தாழ்வு, இழுவையும் குறைவு. ஆனால் நாம் நிலத்தில் அமர்ந்து, சுருள்தலையை வலது கணுக்காலிலே ஊன்றி, மறுமுனையை மார்பிலே சாய்த்து வாசிக்கிறோம். கமகத்துக்காக இடக்கை ஓயாமல் வழுக்கி ஓடுகிறது. அந்த அசைவையும் கழுத்தின் அடிப்பொருத்துத்தான் தாங்குகிறது.

பொருத்து இளகிக் கழுத்து முன்னே சாய்ந்தால், தந்திகள் விரல்பலகையைவிட்டு உயர்ந்துவிடும். அழுத்த அழுத்த விரல் நோகும். பலர் உடனே குதிரையைச் சீவிக் குட்டையாக்குவார்கள். ஒருமுறை செய்யலாம். திரும்பத் திரும்பச் சீவினால் மேற்பலகையின்மேல் அழுத்தம் குறைந்து நாதம் சோர்ந்துபோகும்.

எங்கள் அனலைதீவிலே இந்த நோய் வர அதிக நாள் வேண்டாம். ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிப் போகிற அந்தத் தீவுக்கு நாற்புறமும் கடல். வாடை வீசும் மாரியிலே மரம் ஈரங் குடித்து ஊதும்; சோழகம் வீசும் மாதங்களிலே உலர்ந்து ஒடுங்கும். என் சின்னம்மாவின் வயலின் இதையும் பட்டது, இதற்கு மேலும் பட்டது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்துச் சனமெல்லாம் பெயர்ந்தபோது, அது ஒரு சைக்கிள் கரியரிலே கட்டப்பட்டு மழைக்குள்ளே தென்மராட்சிக்குப் போயிற்று. பின்னர் ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது கழுத்தின் அடியிலே நகம் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது.

அயலிலே வள்ளங் கட்டும் ஓடாவியார் ஒருவர் இருந்தார். அவரிடமே முதலில் காட்டினோம்.

"பிள்ளை, உள்ளுக்கு ரெண்டு ஆணி இறுக்கிவிட்டால் பிறகு அசையாது."

"ஐயோ ஓடாவியார், ஆணி மட்டும் வேண்டாம்."

"ஆணி இல்லாமல் என்னெண்டு பிள்ளை நிக்கும்?"

அவர் கேட்டதிலே பிழையில்லை. வள்ளத்தின் பொருத்து ஒருநாளும் திறக்கக்கூடாது. திறந்தால் ஆள் போய்விடும். அதுமட்டுமல்ல, இத்தாலியின் கிரெமோனா நகரத்து மேதை ஸ்ராடிவாரியும் (இறப்பு 1737) கழுத்துக்கு ஆணிதான் அடித்தார்! பெட்டியை மூடுமுன் உள்ளிருந்து கட்டையினூடாகக் கழுத்துக்குள் ஆணி இறக்குவது அக்கால வழக்கம். பிறகு கழுத்தை எடுப்பதென்றால் மேற்பலகையைத் திறக்க வேண்டும்.

1800ஐ ஒட்டிய ஆண்டுகளிலே மண்டபங்கள் பெருத்தன. சுருதியும் இழுவையும் ஏறின. நீண்ட விரல்பலகை தேவைப்பட்டது. பழைய கழுத்துகளை நீக்கி, சற்றே நீண்டதாகவும் பின்னே சரிந்ததாகவும் புதிய கழுத்துகளைப் பூட்டினார்கள். கோசியோ பிரபு தாம் சேர்த்த கிரெமோனா வயலின்களை மிலான் நகரத்து மாந்தேகாற்சா சகோதரரிடம் கொடுத்து இப்படி மாற்றுவித்தார். பழைய சுருள்தலையை அறுத்தெடுத்துப் புதிய கழுத்திலே ஒட்டுவார்கள். பிள்ளையாருக்குத் தலை மாறியது. இவற்றுக்குத் தலை நிற்கக் கழுத்து மாறியது. 1716இல் ஸ்ராடிவாரி செய்து இன்று ஒக்ஸ்போர்டிலே இருக்கும் 'மெசையா' வயலினின் கழுத்தும் பின்னாளிலே நீட்டப்பட்டதுதான். பழைய கழுத்து அப்படியே நிற்கும் அருமையான சாட்சி, 1690இல் அவர் மெடிச்சி குடும்பத்துக்குச் செய்த பெரிய வயோலா. அது புளோரன்சிலே இருக்கிறது. அங்கே கழுத்துகள் மாறிக்கொண்டிருந்த அதே தலைமுறையிலேதான் பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858) சென்னையிலே வயலின் கற்று அதை நம் இசைக்குப் பழக்கினார்.

இந்த மாற்றத்தோடு ஆணி போயிற்று. கட்டையிலே ஒரு குழி வெட்டி, கழுத்தின் அடியை அதற்குள் ஆப்புப்போல இறக்கி, பசையால் மட்டும் பிடிப்பித்தார்கள். அந்தப் பசை நம் தச்சர்கள் அறிந்த வச்சிரம். விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. குளிர்ந்த நீரிலே ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 பாகை செல்சியஸ் அளவிலே இளக்குவார்கள். கொதிக்கவிட்டால் வலிமை கெடும். காய்ந்தால் இரும்புப் பிடி. ஆனால் சூடும் ஈரமும் பட்டால் விட்டுக்கொடுக்கும். தீவிலே கழுத்து இளகுவதும் அதனாலேதான். கருவி சேதமின்றித் திறக்கக்கூடியதாய் இருப்பதும் அதனாலேதான். பொருத்து விடாமல் நின்றிருந்தால் அந்த விசையிலே மேப்பிளோ மேற்பலகையோ பிளந்திருக்கும்.

கடைசியிலே யாழ்ப்பாணப் பட்டினத்திலே ஒருவரிடம் கொடுத்தோம். நான் பக்கத்திலே இருந்து பார்த்தேன். தந்திகளையும் குதிரையையும் எடுத்தார். பொருத்தைச் சுற்றி வார்னிஷை மெல்லிய கத்தியால் கீறினார். கீறாவிட்டால் கழுத்தோடு வார்னிஷும் உரிந்துவரும். முதுகுப்பலகையின் மேல்நுனியிலே நாக்குப்போல ஒரு சிறு நீட்சி உண்டு. பாரத்தின் பெரும்பங்கு அதிலேதான். முதலிலே அதைக் கத்தியலகால் பிரித்தார். பிறகு விளிம்பிலே சில துளி மதுசாரம். அது பசையின் ஈரத்தை உறிஞ்சி நொறுங்கவைக்கும். வார்னிஷிலே பட்டால் அதையும் கரைக்கும், ஆகையால் துளித்துளியாகத்தான். கழுத்தைப் பிடித்து மெல்ல அசைத்தார். 'டக்' என்று ஒரு சத்தம். சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பூட்டுவதற்குத்தான் நாள் எடுத்தது. குழியிலிருந்த பழைய பசையை வெந்நீர்த் துணியால் துடைத்து, தேய்ந்த பக்கத்துக்கு மெல்லிய மரத்தகடு ஒட்டினார். சோக்குத்தூள் தடவிக் கழுத்தை இறக்கி எடுப்பார், தூள் ஒட்டிய மேட்டை மட்டும் உளியால் சீவுவார், மீண்டும் இறக்குவார். அளவுகள் நான்கு ஒருங்கே ஒத்துவர வேண்டும். மேலே தந்தி தொடங்கும் மேட்டிலிருந்து உடலின் விளிம்புவரை 130 மில்லிமீற்றர். விளிம்பிலிருந்து குதிரைவரை 195. விரல்பலகையின் மேல்முகத்தை நேராக நீட்டினால் குதிரையிடத்திலே மேற்பலகையைவிட 27 உயரம். கழுத்து இடமோ வலமோ சாயாத நேர்கோடு. ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று பிசகும். பசையே இல்லாமல் கழுத்து தானாக நின்ற பிறகுதான் அவர் வச்சிரத்தைச் சூடாக்கினார்.

பூட்டியபின் உடனே சுருதி ஏற்றக்கூடாது. ஒருநாளாவது காயவேண்டும், மாரியிலே இன்னும் கூட. பிறகு தந்திகளைச் சிறிது சிறிதாக ஏற்ற வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெட்டிக்குள்ளும் பழைய வயலின் ஒன்று கிடக்கலாம். எடுத்து, கழுத்தின் அடியிலே மயிரிழைபோல வெடிப்பு ஓடுகிறதா என்று விளக்கிலே பாருங்கள். ஓடினால் தந்திகளைத் தளர்த்திவிடுங்கள். செப்பனிடுபவரிடம் கொண்டுபோகும்போது, கூலியைக் கேட்குமுன் எந்தப் பசை வைப்பீர்கள் என்று கேளுங்கள். வச்சிரம் என்றால் கொடுத்துவிட்டு வாருங்கள். இரண்டு குழாய்களைக் கலந்து ஒட்டும் பசையை எடுத்துக் காட்டினால், பெட்டியை மூடிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.