ஒரே தாய் வயிற்று ஆமை குஞ்சுகள்; முதுகு மட்டும் வேறு வேறு!

சென்னை விமான நிலையத்தில் நட்சத்திர ஆமைகள் பிடிபட்டன என்ற செய்தி நமக்கு புதிது அல்ல. மலேசியா, தாய்லாந்துக்கு கடத்துவதற்காக பெட்டியில் அடுக்கி வைத்து இருப்பார்கள். சுங்க இலாகா அதிகாரிகள் பெட்டியை திறப்பார்கள். எண்ணுவார்கள். கொண்டு வந்த ஆளை கைது செய்வார்கள்.

ஆள் ஜெயிலுக்கு போவான். ஆமைகள் எங்கே போகும்?

இதற்கு பதில் சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை. அந்த சிக்கல் ஆமையின் முதுகில் இருக்கிறது.

எந்த ஊர் ஆமை?

நட்சத்திர ஆமை நம் தமிழ்நாட்டில் உண்டு. ஆந்திரா, கர்நாடகாவில் உண்டு. வடமேற்கே குஜராத், ராஜஸ்தானிலும், கடல் தாண்டி இலங்கையிலும் உண்டு.

பிடிபட்ட ஆமை எந்த ஊர் ஆமை என்று தெரிந்தால்தான் அதன் சொந்த காட்டில் கொண்டு போய் விட முடியும்.

"முதுகில் உள்ள நட்சத்திரத்தை பார்த்து ஊரை சொல்லிவிடலாமே?" என்று கேட்கலாம்.

அதுதான் முடியாது! ஒரே தாய் இட்டு, ஒரே குழியில் பொரித்த குஞ்சுகளே ஒன்றைப் போல் ஒன்று இருப்பது இல்லை. ஒன்றுக்கு கோடு தடிமன். இன்னொன்றுக்கு மெல்லிசு. ஒன்றில் மஞ்சள் தூக்கல். இன்னொன்றில் கறுப்பு தூக்கல்.

13 தகடு

ஆமையின் முதுகில் நடுவில் 5, இந்த பக்கம் 4, அந்த பக்கம் 4 என்று பெரிய தகடுகள் 13 இருக்கும். குஞ்சு பொரிக்கும்போது நட்சத்திரம் முழுசாக இருக்காது. ஒவ்வொரு தகட்டிலும் மஞ்சள் திட்டும், நாலைந்து கோடும்தான். தகட்டின் ஓரத்தில் புது வளையம் சேரச் சேர கோடும் நீண்டு நட்சத்திரம் ஆகிறது.

சில குஞ்சுக்கு ஒரு தகடு கூடுதலாக இருக்கும். இது அதிர்ஷ்ட அடையாளம் அல்ல. முட்டை இருந்த மண் அதிகமாக காய்ந்தாலும், சூடு ஏறினாலும் இப்படி ஆகும்.

ஆணா பெண்ணா என்பதையும் மண்ணின் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு குறைந்தால் ஆண், கூடினால் பெண். பெண் ஆமைதான் பெரிதாக வளரும்.

கறுப்புக்கு பிறந்த வெள்ளை

பெற்றோருக்கும் பிள்ளைக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்பதற்கு ஒரு உதாரணம் சுவிட்சர்லாந்தில் நடந்தது.

அங்கே செர்வியான் என்ற ஊரில் உள்ள மிருகக்காட்சி சாலையில் கலாபகஸ் ராட்சத ஆமை ஜோடி ஒன்று இருக்கிறது. 2022-ம் ஆண்டு மே மாதம் அந்த ஜோடியின் முட்டைகளில் 2 குஞ்சுகள் பொரித்தன. ஒன்று பெற்றோரைப் போல கறுப்பு. இன்னொன்று பால் வெள்ளை, கண் சிவப்பு!

இது எப்படி? நிறம் இல்லாமல் செய்யும் மரபணு தாயிடமும் தகப்பனிடமும் ஒளிந்து இருந்தது. இருவரிடம் இருந்தும் அது வந்து சேர்ந்தால்தான் குஞ்சு வெள்ளையாகும். அப்படிப்பட்ட ஜோடிக்கு ஒவ்வொரு முட்டையிலும் அந்த வாய்ப்பு நாலில் ஒரு பங்கு.

மரபணு சோதனை

ஆக, முதுகை நம்பி ஊரை சொல்ல முடியாது. மரபணுவைத்தான் நம்ப வேண்டும். ஐதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டார்கள். வடமேற்கு ஆமையும் தெற்கத்தி ஆமையும் மரபணுவில் வேறு வேறு என்று தெரிந்தது.

எனவே பிடிபட்டதை கண்ட காட்டில் விட்டால் இரண்டு வம்சமும் கலந்து போகும். பெட்டியில் ஒட்டிய நோய் அந்த காட்டு ஆமைகளுக்கும் பரவும். விடாமல் வைத்து இருந்தாலோ, காட்டில் திரிய வேண்டிய ஆமை கூண்டிலேயே காலம் தள்ள வேண்டும்.

வாங்கினாலும் குற்றம்

இந்தியாவில் ஒரே ஒரு கடத்தல் மையத்தில் இருந்து மட்டும் வருஷத்துக்கு குறைந்தது 55 ஆயிரம் ஆமைகள் போவதாக 2015-ல் வெளியான ஆய்வு கூறுகிறது. 2019-ல் இந்த ஆமையின் சர்வதேச வியாபாரத்துக்கு தடை வந்தது. நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி இதை பிடிப்பதும், விற்பதும், வாங்கி வீட்டில் வளர்ப்பதும் குற்றம்.

"இந்த முதுகு அபூர்வம் சார், வீட்டுக்கு ராசி" என்று யாராவது விலை பேசினால் ஏமாறாதீர்கள். எந்த குழியை தோண்டினாலும் ஒவ்வொரு குஞ்சும் அபூர்வம்தான். வழியில் ஆமையை கண்டால் வன இலாகாவுக்கு சொல்லுங்கள். நீங்களாக எடுத்துப்போய் வேறு இடத்தில் விட வேண்டாம்.

வாங்குகிற ஆள் இருக்கும் வரை பெட்டி நிரம்பிக்கொண்டேதான் இருக்கும்.