லேமினேட் சமையல் மேடையைக் கீறல் விழாமல் சுத்தம் செய்தல்

லேமினேட் என்பது பிசினில் ஊறிய காகிதத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து ஒரே தகடாக்கிய பொருள் ஆகும். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் இதைச் 'சன்மைக்கா' என்பார்கள். அது ஒரு வணிகப் பெயர். நாளடைவில் பொருளுக்கே பெயராகிவிட்டது. நம் ஊர்ச் சமையலறைகளில் மேடை பெரும்பாலும் கிரானைட்டாக இருக்கும். லேமினேட்டை அலமாரிக் கதவுகளிலும் சாப்பாட்டு மேசையிலும் பார்க்கலாம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் சமையல் மேடையே லேமினேட்டாக இருப்பது சாதாரணம். அங்கே குடியேறும் நம்மவர்கள் கிரானைட்டைத் தேய்த்துப் பழகிய கையால் அதையும் தேய்த்துவிடுகிறார்கள். கிரானைட் அதைத் தாங்கும், லேமினேட் தாங்காது. விழுந்த கீறலைத் தேய்த்து எடுக்க வழியில்லை. வாடகை வீடாக இருந்தால் காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

அமைப்பு

1912ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டேனியல் ஓ'கானர், ஹெர்பர்ட் ஃபேபர் என்னும் இருவர், மின்கருவிகளில் மின்காப்புக்காக வைக்கப்பட்ட மைக்காவுக்கு (நம் காக்காப்பொன்) மாற்றாக ஒரு பொருளை உருவாக்கினர். 'மைக்காவுக்குப் பதிலாக' என்ற பொருளில் அதற்கு ஃபார்மைக்கா என்று பெயர் வந்தது. சமையலறைக்குள் அது நுழைந்தது பின்னால்தான்.

இன்றைய தகட்டின் அடிப்பகுதியில் ஃபீனால் பிசின் ஊறிய பழுப்புக் காகிதங்கள் பல இருக்கும். அவற்றின்மேல் மரவரி, கல், பூ என ஏதேனும் அச்சிட்ட ஒரே ஒரு அலங்காரத் தாள். அதற்கும் மேலே மெலமைன் பிசின் ஊறிய, கண்ணாடிபோல் தெளிவான காப்புப் படலம். வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 50 மடங்கும் அதற்கு மேலும் அழுத்தி, 120 பாகை செல்சியசுக்குக் குறையாமல் சூடாக்கினால் இவை ஒன்றாகிவிடும். கடையில் கிடைக்கும் தகட்டின் மொத்தக் கனமே ஏறத்தாழ 1 மி.மீ. அதிலும் நாம் துடைப்பது மேலே உள்ள அந்த மெல்லிய படலத்தை மட்டுமே. அது தேய்ந்தால் அச்சுத் தாள் வெளிப்படும், அதுவும் போனால் பழுப்பு நிறம் தெரியும். மரத்தைப்போல இழைத்து மெருகேற்ற இதில் இடமில்லை.

கீறுவது எது?

1812இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெடரிக் மோஸ் ஓர் அளவுகோலை வகுத்தார். டால்க் 1, வைரம் 10. கடினமான பொருள் மிருதுவானதைக் கீறும், எதிர்மாறாக நடக்காது என்பதுதான் அதன் அடிப்படை. நகம் ஏறத்தாழ 2.5, சமையல் சோடாவும் அதே அளவு. சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சைட் 3. எஃகு 5க்கு மேல். மணலில் உள்ள குவார்ட்சு 7. லேமினேட்டின் மேற்பரப்பு நகத்தைவிடக் கடினமானது, மணலைவிட மிருதுவானது. மாணவர்கள் இதை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டால், எதை வைத்துத் தேய்க்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேட்கவேண்டியிராது.

இரும்பு நார், பச்சை நிறத் தேய்ப்பான், பித்தளை துலக்கும் பொடி ஆகியவை கூடாது. பாத்திரம் விளக்கும் சோப்புக் கட்டியிலும் கனிமத் தூள் கலந்திருக்கும். அதைப் பாத்திரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. செங்கல் பொடியும் சாம்பலும் வெண்கலப் பானைக்கு ஏற்றவை, இதற்கு ஆகா. 'மாய அழிப்பான்' என்று விற்கப்படும் வெள்ளைப் பஞ்சு தொட்டால் மிருதுவாக இருப்பதால் பலரும் ஏமாந்துபோகிறார்கள். அதுவும் மெலமைன் பிசினால் ஆன நுரைதான். மேடையின் மேற்பரப்பு எதுவோ அதே பொருளால் அதைத் தேய்க்கிறோம். பளபளப்பான மேடை மங்கிவிடும். சொரசொரப்பில்லாத மங்கல் வகை மேடையில் இதற்கு நேர்மாறாக, தேய்த்த இடம் மட்டும் பளபளத்துத் தனியாகத் தெரியும்.

ஆனால் என் கணிப்பில் பெரும்பாலான கீறல்கள் துடைப்பதால் வருபவை அல்ல, இழுப்பதால் வருபவை. கீரைக்கட்டோடும் சேப்பங்கிழங்கோடும் வரும் மண், மண்சட்டியின் அடி, பீங்கான் கோப்பையின் அடியில் மெருகு பூசாத வளையம், கல் உரல் எல்லாமே லேமினேட்டைவிடக் கடினமானவை. தூக்கி வைத்தால் ஒன்றும் ஆகாது. அதே பொருளை இழுத்தால் கோடு விழும்.

அன்றாடத் துடைப்பு

முதலில் துகள்களை அகற்ற வேண்டும். காய்ந்த துணியால் அரக்கித் தள்ளாமல், ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். பிறகு வெதுவெதுப்பான நீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மிருதுவான பருத்தித் துணியையோ மைக்ரோஃபைபர் துணியையோ நனைத்துப் பிழிந்து துடைக்க வேண்டும். சோப்பு நீர் படிந்து கோடு தெரியாமலிருக்க வெறும் நீரில் நனைத்த துணியால் மறுபடி ஒருமுறை துடைத்து, உடனே உலர்த்தலாம். துணியை நன்றாக அலசுவது முக்கியம். இழைகளுக்குள் ஒரு மணல்துகள் சிக்கியிருந்தாலும் அந்தத் துணியே உப்புத்தாள் ஆகிவிடும்.

தண்ணீரை மேடையில் ஊற்றிக் கழுவும் வழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். தகட்டின் அடியில் இருப்பது மரத்தூள் பலகையோ ஒட்டுப்பலகையோதான். இணைப்புகளிலும் தொட்டியின் ஓரத்திலும் நீர் புகுந்தால் பலகை உப்பித் தகடு பிரியும். கீறலைவிட இது பெரிய செலவு.

கறைகள்

காய்ந்துபோன சாம்பார்த் துளியைச் சுரண்டாமல், ஈரத்துணியைச் சில நிமிடம் அதன்மேல் போட்டுவைத்தால் தானே இளகும். எண்ணெய்ப் பிசுக்குக்கும் இதே முறை, நீர் மட்டும் சற்றுச் சூடாக இருக்கட்டும்.

மஞ்சள் கறைதான் நம் சமையலறையின் தனிப் பிரச்சினை. மஞ்சளில் உள்ள குர்க்குமின் நீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். காரத்தன்மை பட்டால் சிவக்கும்; சோப்பு போட்டதும் கறை சிவந்து பயமுறுத்துவது அதனால்தான். சமையல் சோடாவைப் பசையாகக் குழைத்துத் தடவினாலும் அப்படித்தான் ஆகும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் சிறிது தொட்டு, அடுப்பு அணைந்திருக்கும்போது ஒற்றி எடுப்பது மேல். மிச்சம் மீதியைச் சூரிய ஒளி பார்த்துக்கொள்ளும், ஏனெனில் குர்க்குமின் வெளிச்சத்தில் சிதைந்து வெளுக்கும். சன்னலோர மேடையில் ஓரிரு நாளில் மங்கிவிடும் கறைக்காகப் படலத்தைத் தேய்த்துக் கெடுக்கவேண்டியதில்லை.

கழிப்பறைக்கான அமிலத் திரவங்களை மேடைக்குக் கொண்டுவரக் கூடாது, அவை மேற்பரப்பை அரிக்கும். பிளீச்சிங் திரவத்தை வினிகருடனோ வேறு அமிலத்துடனோ கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். அது மேடையை மட்டுமல்ல, மூச்சையும் பாதிக்கும்.

ஏற்கெனவே விழுந்த நுண்கீறல்களுக்கு மெழுகு தடவினால் சில நாள் கண்ணில் படாது, பிறகு மறுபடி தெரியும். நகம் தடுக்கும் அளவு ஆழமானதற்கு, தகட்டின் நிறத்துக்கேற்ற நிரப்புப் பசை கடைகளில் கிடைக்கிறது. ஈரம் உள்ளே போகாமல் அடைக்க அது உதவும். பார்வைக்கு அடையாளம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.