கோ ஆட்டம்: முதலில் எந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுப்பது?

'கோ' என்றதும் அரசனோ பசுவோ நினைவுக்கு வந்தால் தப்பில்லை. ஆனால் இந்த ஆட்டத்தில் ராஜாவும் கிடையாது, மாடும் கிடையாது. சீனாவில் இதற்கு வெய்ச்சி என்று பெயர், கொரியாவில் பதுக், ஜப்பானில் இகோ. ஆடு புலி ஆட்டம் போலக் கோடுகள் சந்திக்கும் புள்ளியில்தான் கல்லை வைக்க வேண்டும். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வைத்து, அதிக இடத்தை வளைப்பவர் ஜெயிப்பார். வைத்த கல்லை நகர்த்தக் கூடாது. எல்லாப் பக்கமும் அடைபட்டால் அதைப் பலகையிலிருந்து எடுத்துவிடுவார்கள். இவ்வளவையும் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆட்டம் முடிந்து எண்ண உட்காரும்போதுதான் வம்பு தொடங்கும்.

ஒரே ஆட்டத்துக்கு ஏன் இரண்டு கணக்கு?

சீன முறையில், பலகையில் உயிரோடு இருக்கும் உங்கள் கற்களும் அவை வளைத்த வெற்றுப் புள்ளிகளும் சேர்ந்து உங்கள் கணக்கு. ஜப்பானிய முறையில் வளைத்த வெற்றுப் புள்ளிகளும் நீங்கள் பிடித்த கற்களும்தான் சேரும். பலகையில் நிற்கும் சொந்தக் கல்லுக்கு மதிப்பில்லை. இந்த இரண்டு போக, சீனாவில் பழைய முறை ஒன்று இருந்தது. அதில் பலகையில் உள்ள கற்களை மட்டும் எண்ணுவார்கள்.

கணக்கு மாறினால் வெற்றியும் மாறுமா?

பெரும்பாலும் மாறாது. இருவரும் ஒழுங்காக ஆடியிருந்தால் இரண்டு கணக்குக்கும் உள்ள வித்தியாசம் வழக்கமாக ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும்.

அப்படியானால் எதைச் சொல்லிக்கொடுத்தால் என்ன?

"ஒழுங்காக ஆடியிருந்தால்" என்றேனே, புதிதாக ஆடுபவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஒரு 9×9 பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 81 புள்ளிகள். இடமிருந்து ஐந்தாவது கோடு முழுக்க 9 கறுப்புக் கற்கள், ஆறாவது கோடு முழுக்க 9 வெள்ளைக் கற்கள். சீனக் கணக்கில் கறுப்புக்கு 45, வெள்ளைக்கு 36. ஜப்பானியக் கணக்கில் 36-க்கு 27. எப்படி எண்ணினாலும் கறுப்பு 9 புள்ளி முன்னால் இருக்கிறது.

இப்போது கறுப்பு ஆடுபவர் ஆசைப்பட்டு, வெள்ளையின் இடத்துக்கு நடுவே ஒரு கல்லைப் போடுகிறார். வெள்ளைக்கு ஆடும் பிள்ளை பக்கத்தில் ஒரு கல்லை வைத்துத் தடுக்கிறது. பழகியவர் கண்ணுக்கு அந்தக் கறுப்புக் கல் செத்துவிட்டது: இனி தப்பாது, ஆட்ட முடிவில் அப்படியே எடுத்துவிடலாம். பிள்ளைக்கு அது தெரியாது. கறுப்பு 'பாஸ்', 'பாஸ்' என்று தன் முறையை விட்டுக்கொண்டே இருக்க, பிள்ளை இன்னும் மூன்று கல் வைத்துச் சுற்றி அடைத்து, அந்தக் கல்லைக் கையில் எடுத்த பிறகுதான் நிம்மதி அடைகிறது.

சீனக் கணக்கில் வெள்ளைக்கு அப்போதும் அதே 36. வெற்றிடமாக இருந்தாலும், தன் கல்லால் நிரம்பியிருந்தாலும் அந்த இடம் வெள்ளையுடையதுதான். ஜப்பானியக் கணக்கிலோ நாலு கல் நாலு புள்ளியை அடைத்துக்கொண்டது, கைக்கு வந்தது ஒன்று. ஆக, 27 இருந்தது 24 ஆகிவிடுகிறது. சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டதற்கு மூன்று புள்ளி அபராதம்! "ஏன் குறைந்தது?" என்று பிள்ளை கேட்டால், "அது ஏற்கெனவே செத்த கல், நீ எடுத்திருக்கவே வேண்டாம்" என்றுதான் பதில் சொல்ல முடியும். எது செத்தது என்று தெரியாததுதானே அதன் கஷ்டமே!

அதனால் என் சிபாரிசு சீன முறைக்குத்தான். சந்தேகமா, ஆடித் தீர்த்துக்கொள்ளலாம். கையிலிருந்து எதுவும் போகாது.

ஜப்பானிய முறைதான் நுணுக்கமானது என்கிறார்களே?

உண்மைதான். ஒவ்வொரு வீண் கல்லும் உறுத்தும், அதனால் கை கட்டுப்படும். பிடித்த கற்களை எதிராளியின் இடத்திலேயே நிரப்பி, மிச்சத்தைச் சதுரம் சதுரமாக ஒதுக்கிச் சட்டென்று எண்ணிவிடுவதும் அழகான காட்சி. ஆனால் எது உயிர், எது சாவு என்ற தீர்ப்பு ஆட்டத்துக்கு வெளியே நடக்கிறது. 1989-ல் நிஹோன் கியின், கன்சாய் கியின் ஆகிய இரு அமைப்புகளும் விதிகளைத் திருத்தி எழுதியபோது, இந்தத் தீர்ப்புக்கென்றே தனி விளக்கங்களும் உதாரணங்களும் சேர்க்க வேண்டியிருந்தது. முதல் வாரத்தில் ஆட வருகிறவர் தலையில் அதை ஏற்ற வேண்டாம்.

சீன முறை புதியவர்களுக்கு மட்டுமானதும் அல்ல. 2016 மார்ச்சில் சியோலில் ஆல்பாகோ என்ற கணினி நிரல் 4–1 என்று கொரிய ஆட்டக்காரர் லீ செடோலை வென்றதே, அந்தப் போட்டியும் சீன விதிப்படிதான் நடந்தது. லீ பழகிய கொரிய முறை ஜப்பானிய முறையை ஒத்தது.

சீன முறையில் எண்ணிக்கை நீளுமே?

19×19 பலகையில் 361 புள்ளிகள் இருப்பதால் நீளும். ஆனால் ஒரு நிறத்தை மட்டும் எண்ணினால் போதும், பாதியான 180.5-ஐத் தாண்டியதா என்று பார்த்துவிடலாம். 9×9-ல் பாதி 40.5. ஒன்றை மறக்க வேண்டாம்: யாருக்கும் சேராத எல்லைப் புள்ளிகளையும் மாறி மாறி நிரப்பிவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு இதுவும் கடினம் அல்லவா?

கணக்கையே தள்ளிவையுங்கள். முதலில் ஒரு கல்லைப் பிடிப்பவருக்கு வெற்றி என்று சில நாள் ஆடவிடுங்கள். ஜப்பானிய தொழில்முறை ஆட்டக்காரர் யாசுதா யாசுதோஷி இந்த எளிய ஆட்டத்தைத்தான் சின்னப் பிள்ளைகளிடம் கொண்டுபோனார். அடுத்தபடி, பலகையில் யாருக்குக் கல் அதிகம் என்பது. பிள்ளைகள் தங்கள் இடத்தைத் தாங்களே நிரப்பிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் இரண்டு ஓட்டையை விட்டே ஆக வேண்டும், அதையும் அடைத்தால் கூட்டமே போய்விடும் என்பது தானாகவே புரியும். அங்கிருந்து சீன முறைக்கு ஒரே எட்டு, அந்த ஓட்டைகளையும் சேர்த்து எண்ணிக்கொள்வதுதான்.

முதலில் ஆடும் கறுப்புக்கு ஈடாக வெள்ளைக்குப் புள்ளி தருவார்களாமே?

அதன் பெயர் கோமி. ஜப்பானில் 6.5, சீனாவில் 7.5. புதியவர்களுக்கு வேண்டாம், நிறத்தை மாற்றி மாற்றி ஆடட்டும்.

ஜப்பானிய முறைக்கு எப்போது மாறலாம்?

செத்த கல்லைத் தொடாமலே "இது செத்தது" என்று இருவரும் ஒத்துக்கொள்ளும் நாள் வந்ததும் மாறலாம்.

பலகை எங்கே கிடைக்கும்?

தேட வேண்டாம். சார்ட் பேப்பரில் குறுக்கே 9 கோடு, நெடுக்கே 9 கோடு. கறுப்புக்குப் புளியங்கொட்டை 50, வெள்ளைக்குச் சோழி 50. எந்தக் கணக்கு என்பதை மட்டும் முதல் கல் வைக்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.