தனுஷ்கோடி: இடிஞ்ச ஊரும் இருக்கிற மனுஷங்களும்

கோடியக்கரையில நின்னு தெற்கே பார்த்தா பாக் நீரிணை. அதோட தென்கோடியில தனுஷ்கோடி. 1914-ல் பாம்பன் பாலம் வந்ததும் தலைமன்னார் கப்பலுக்கு ஆள் ஏறுற ஊரா வளர்ந்துச்சு. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல கடல் உள்ளே வந்து, பயணிகள் ரயிலையே இழுத்துட்டுப் போச்சு. 'வாழத் தகுதியற்ற இடம்'னு அரசு அறிவிச்சது.

இப்போ பவளக்கல் சர்ச் சுவர் மாதிரி சில இடிபாடுகள்தான் மிச்சம். ஆனா பக்கத்துல கம்பிப்பாட்டுல மீனவர்கள் இருக்காங்க. குடிக்க? மணல்ல ஊத்து தோண்டுவாங்க. மழைத்தண்ணி உப்புத்தண்ணியைவிட லேசு; அதனால மணலுக்குள்ள அதுக்கு மேல நிக்குது. ஆழமாத் தோண்டினா உப்புதான் வரும்.

இடிபாட்டைப் போட்டோ எடுக்கப் போறீங்களா? அந்த ஊத்துல குப்பை போட்டுடாதீங்க. அந்த ஊர் இன்னும் அதைத்தான் குடிக்குது.