அபராதச் சீட்டும் நம் உரிமையும்



சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் வாடிய முகத்தோடு என் இல்லத்திற்கு வந்து, தம் கைப்பேசியை நீட்டினார். அவருடைய மோட்டார் சைக்கிளைத் தலைக்கவசம் இன்றி ஓட்டியதற்காக 1,000 ரூபாய் அபராதம் என்று அதில் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. உடன் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். படத்தில் இருந்தது ஒரு ஸ்கூட்டர்! வண்டி எண்ணில் இருந்த 3 என்னும் இலக்கம், 8 என்று தவறாகப் படிக்கப்பட்டிருந்தது.

“பணத்தைக் கட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது, ஐயா. கோர்ட்டுக்கு யார் அலைவது?” என்றார் அவர்.

“செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்று ஏன் ஒப்புக்கொள்கிறாய், தம்பி?” என்று கேட்டேன். அவர் திகைத்தார். பணம் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும் என்பதை அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஆசிரியர் இல்லாத வேளையில், பேசியவர்களின் பெயரை வகுப்புத் தலைவன் கரும்பலகையில் எழுதி வைப்பான் அல்லவா? பெயர் எழுதப்பட்டதனாலேயே ஒருவன் பேசியவன் ஆகிவிடமாட்டான். ஆசிரியர் வந்து கேட்கும்போது, “நான் பேசவில்லை” என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. அபராதச் சீட்டும் அத்தகையதே. அது குற்றச்சாட்டேயன்றித் தீர்ப்பு அன்று.

நம் நாட்டில் இவற்றையெல்லாம் ஆள்வது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். 2019-இல் அது திருத்தப்பட்டபோது அபராதங்கள் பன்மடங்கு உயர்ந்தன. சீருடை அணிந்த காவல் அதிகாரி கேட்டால், ஓட்டுநர் லைசென்சைக் காட்டுவது நம் கடமை. டிஜிலாக்கரில் வைத்திருக்கும் மின்னணுப் பிரதியைக் காட்டினாலும் போதும். அதிகாரி சட்டப்படி லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டால், அதற்கு ஒப்புச்சீட்டு தர வேண்டும். லைசென்சு திரும்பி வரும் வரையோ, சீட்டில் குறித்த நாள் வரையோ, அச்சீட்டைக் கொண்டே வண்டி ஓட்டலாம். இதனை அறிந்தவன் சாலையில் கூச்சலிடமாட்டான். கைகட்டி நடுங்கவும் மாட்டான்.

இனி, சீட்டு பெற்றவர்க்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, ஒப்புக்கொண்டு பணம் கட்டுவது. அரசு அறிவித்த அதிகாரியிடம் குறித்த தொகையைச் செலுத்தி ரசீது பெற்றால், வழக்கு அத்துடன் முடியும். ஆயினும் அக்குற்றம் மறக்கப்படுவதில்லை. அதே குற்றத்தை மறுமுறை செய்தால், முன்பு பணம் கட்டித் தீர்த்ததும் முதற் குற்றமாகக் கணக்கில் சேரும். மேலும், எல்லாக் குற்றங்களையும் இவ்வாறு தீர்த்துக்கொள்ள இயலாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் நீதிமன்றம் சென்றே ஆக வேண்டும். முதன்முறையே ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

இரண்டாவது வழி, மறுப்பது. மாஜிஸ்டிரேட்டு முன்னிலையில் நம் தரப்பைச் சொல்லலாம், வக்கீல் வைத்துக்கொள்ளலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்கள், சிறுவர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தோர் ஆகியோர் இலவச சட்ட உதவி பெறலாம். 2019-இல் தில்லியில் தொடங்கிய இணையவழி நீதிமன்ற முறையிலும், குற்றத்தை மறுப்பவரின் வழக்கு, விசாரணைக்காக வழக்கமான நீதிமன்றத்திற்கு அனுப்பப்படும்.

வாளாவிருப்பது ஒரு வழியன்று. பேசாதிருந்தால் சீட்டு மறைந்துவிடாது. அதன் பின்னே சம்மன் வரும். ரசீது இன்றிக் கையில் எதையேனும் திணிப்பதும் வழியன்று. அது மற்றொரு குற்றம்.

நிற்க. உரிமை என்பது தப்பிக்கும் உபாயம் என்று கருதிவிடாதீர்கள். எனக்கும் ஒருமுறை சீட்டு வந்தது. சிவப்பு விளக்கு எரிகையில் கோட்டைத் தாண்டி நின்றேனாம்! அறுபது வயது கடந்த தலைமையாசிரியன் மேல் குற்றமா என்று வெகுண்டு, மறுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். படத்தைப் பார்த்தேன். என் முன்சக்கரம் கோட்டுக்கு அப்பால் அழகாக நின்றுகொண்டிருந்தது. கடிதத்தைக் கிழித்துவிட்டுப் பணத்தைக் கட்டினேன்.

உங்களுக்கென்று தனியே ஒன்று சொல்ல வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாத மாணவன் தந்தையின் மோட்டார் சைக்கிளை எடுத்துச் சென்று குற்றம் புரிந்தால், பெற்றோரோ வண்டி உரிமையாளரோ குற்றவாளி ஆவர். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். அவர்கள் அறியாமல் நடந்தது என்றோ, தடுக்க வேண்டிய முயற்சியெல்லாம் செய்தனர் என்றோ மெய்ப்பித்தால்தான் விடுதலை. வண்டியின் பதிவு ஓராண்டு ரத்தாகும். அம்மாணவனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்சு கிடையாது. தன் பிழைக்குத் தந்தையைக் கூண்டில் ஏற்ற எந்தப் பிள்ளைதான் விரும்புவான்?

என் மாணவர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். படத்தையும், தம் வண்டியின் ஆர்.சி. புத்தகப் பிரதியையும் இணைத்து, அறிவிப்பில் கண்ட முகவரிக்கு முறையீடு எழுதினார். சில வாரங்களில் அபராதம் நீக்கப்பட்டது. “ஆயிரம் ரூபாய் மிச்சம், ஐயா” என்று மகிழ்ந்தார். மிஞ்சியது ஆயிரம் ரூபாய் மட்டும் அன்று. செய்யாத குற்றம் தம் பெயரில் ஏறாமற் காத்துக்கொண்டாரே, அதுவே பெரிது என்றேன்.

செய்திருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள், செய்யவில்லையெனில் அஞ்சாது மறுத்துரையுங்கள். சட்டம் இரண்டிற்கும் இடம் வைத்திருக்கிறது.