எப்போது திரும்புவது?

முயலின் பின்னால் ராஜபாளையம் நாயை விட்ட காலம் ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று அது குற்றம், நல்லதுதான். ஆனால் அந்த ஓட்டத்தில் ஒரு கணக்கு இருந்தது. நேரோட்டத்தில் அந்த நீளக்கால் நாயை முயல் ஜெயிக்க முடியாது. நாய் நெருங்கும் வரை ஓடிவிட்டுச் சட்டென்று ஒடித்துத் திரும்பும். வந்த வேகத்தில் நாய் தாண்டிப் போய்விடும். முந்தித் திரும்பினால் நாயும் சுதாரித்துத் திரும்பிவிடும்; பிந்தினால் பிடிபட்டுவிடும்.

ஏவுகணை துரத்தும் போர் விமானிக்கும் இதே சிக்கல்தான். எந்தப் பக்கம், எவ்வளவு, முக்கியமாக எப்போது திரும்புவது? இதற்கு விடை தேடும் கணிதத்துக்கு 'உகந்த கட்டுப்பாடு' என்று பெயர். சோவியத் நாட்டின் பார்வையற்ற கணித மேதை பொந்திரியாகின் 1956இல் மாணவர்களோடு சேர்ந்து இதன் அடிப்படை விதியைக் கண்டார். அவரை இத்துறைக்கு இழுத்ததே விமானங்கள் பற்றி ராணுவப் பொறியாளர்கள் கொண்டுவந்த கேள்விதான்.

ஏவுகணை எப்படித் துரத்துகிறது? அதிலிருந்து விமானத்துக்கு ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். கோட்டின் திசை மாறாமல் நீளம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் மோதல் நிச்சயம். கோடு திரும்பினால், அது திரும்பும் வேகத்தைப் போல 3 முதல் 5 மடங்கு வேகத்தில் ஏவுகணை தன் பாதையைத் திருப்பும். இந்த மடங்கு 3 என்றால், விமானி 9 ஜி விசையில் வளைந்துகொண்டே இருக்கும்போது ஏவுகணைக்கு முடிவில் 27 ஜி வேண்டும். 9 ஜி, அதாவது உடல் எடை 9 மடங்காக அழுத்துவதே மனிதன் தாங்கும் எல்லை. ஏவுகணைக்கு 27 பெரிய சுமையே இல்லை. பலத்தில் தோற்றவர் விமானிதான்.

ஆனால் ஏவுகணைக்கும் ஒரு தாமதம் உண்டு. இலக்கு அசைந்ததைக் கண்டு, கணக்கிட்டு, துடுப்பை அசைத்து, உடல் திரும்பச் சிறிது நேரம் பிடிக்கும். தப்பும் வழி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. இஸ்ரேலைச் சேர்ந்த ஷினார், ஸ்டைன்பெர்க் இருவரும் 1977இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு என்னை இன்றும் வியக்க வைக்கிறது: அரைகுறைத் திருப்பத்துக்கு இடமே இல்லை. முழு விசையோடு ஒரு பக்கம், பிறகு முழு விசையோடு மறுபக்கம். மாறும் நேரம் ஏவுகணையின் அந்தத் தாமதத்தைப் பொறுத்தது. ஆனால் எதிரி ஏவுகணையின் தாமதம் எவ்வளவு என்று விமானிக்கு யார் சொல்வது?

தொலைவிலிருந்து வரும் ஏவுகணைக்குக் கணக்கு வேறு. பெரும்பாலான ஏவுகணைகளில் எரிபொருள் தொடக்கத்திலேயே எரிந்து தீர்ந்துவிடும். மீதித் தூரம் சேர்த்த வேகத்தில்தான் பறக்க வேண்டும். எனவே முதுகைக் காட்டி ஓடுவதும், காற்று அடர்ந்த தாழ்வான உயரத்துக்கு அதை இழுத்து வேகத்தைக் கரைப்பதும் சிறந்த வழி. 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் விமானங்கள் ஏவிய அம்ராம் ஏவுகணையைத் தன் சுகோய்-30 விமானங்கள் விரைந்து சரியாகச் செயல்பட்டு முறியடித்ததாக இந்திய விமானப்படை அறிவித்தது. அந்த ஏவுகணையின் சிதறல்கள் ஜம்மு-காஷ்மீரின் ரஜௌரிக்குக் கிழக்கே கிடைத்தன.

ஆனால் ரஃபேல் விமானம் சுமக்கும் மீட்டியோர் ஏவுகணையின் ராம்ஜெட் எஞ்சின், வழிநெடுக உந்திக்கொண்டே வரும். ஓடிக் களைப்படைய வைக்கும் உத்தி அதனிடம் எளிதில் பலிக்காது.