கோணற் பாதம்: இடையில் அவிழ்க்காதீர்கள் தாய்மாரே

2008 ஆவணியில், வன்னியில் என் இரண்டாவது மகன் பிறந்தான். வலது பாதம் உள்நோக்கித் திரும்பி, குதிக்கால் மேலே தூக்கி, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்தபடி இருந்தது. "கிரகணத்தன்று வெளியில வந்தனியோ பிள்ளை?" என்று மாமி கேட்டார். நான் அழுதேனே தவிர, பதில் சொல்லவில்லை.

பதில் சொன்னவர் வைத்தியர்தான். "இது கோணற் பாதம். ஏறத்தாழ ஆயிரம் பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்கு வரும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கே கூட. கிரகணத்துக்கும் இதுக்கும் தொடர்பில்லை. நீங்கள் ஓடித் திரிந்ததாலும் வந்ததில்லை" என்றார். அந்தக் கடைசி வசனம் எனக்குப் பெரிய ஆறுதல்.

பிறந்து சில நாட்களிலேயே சிகிச்சையைத் தொடங்கலாம். கிழமைக்கு ஒருமுறை பாதத்தை மெல்ல மெல்லத் திருப்பி, விரலிலிருந்து தொடைவரை பிளாஸ்டர் கட்டுப் போடுவார்கள். பெரும்பாலும் 5 முதல் 7 கட்டுகள் போதும். பிறகு பல பிள்ளைகளுக்குக் குதிக்கால் தசைநாரில் சிறு வெட்டு, மேலும் 3 கிழமைக் கட்டு. இம்முறையை வகுத்த வைத்தியர் இக்நாசியோ பொன்செட்டியும் போர் கண்டவர். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் காயப்பட்டோருக்கு மருத்துவம் செய்து, 1939 இல் எல்லை கடந்து அகதியானவர். பின்னர் அமெரிக்காவின் அயோவாவில் இருந்தபடி, 1940களின் இறுதியில் இதை உருவாக்கினார்.

என் மகனுக்கு மூன்று கட்டுகள் போட்டு முடிந்தபோது நாங்கள் இடம்பெயர்ந்தோம். வைத்தியசாலையும் இடம்பெயர்ந்தது. ஊறி நாறிய கட்டை நானே தண்ணீரில் நனைத்துக் கழற்றினேன். பதுங்குகுழி வாழ்க்கையில் பாதம் பழையபடி திரும்பியது.

2009 இல் வவுனியா முகாமுக்கு வந்தபோது ஒரு வைத்தியர், "எத்தனை கட்டுப் போட்டது? துண்டு எங்கே?" என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை. முதலிலிருந்து தொடங்கினார்கள். கட்டுகள் முடிந்து, பாதம் நேரானது. அதன்பின் ஒரு கம்பியில் பூட்டிய சோடிச் சப்பாத்துத் தந்தார்கள். முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணித்தியாலம், பிறகு 4, 5 வயதுவரை நித்திரையில் மட்டும் போடவேண்டும் என்றார்கள்.

பிள்ளை இரவிரவாக அழுதான். பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். இவ்வளவு ஓடி வந்த பிள்ளையின் காலைக் கட்டி வைப்பதா என்று என் மனமும் கேட்டது. கழற்றிவிட்டேன். பாதம் நேராகத்தானே இருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு வருடத்துக்குள் அது மீண்டும் உள்ளே திரும்பியது. மறுபடி கட்டு, நாலு வயதில், தசைநாரை இடம் மாற்றும் சத்திரசிகிச்சை. முதல் தடவை சிகிச்சையை நிறுத்தியது போர். இரண்டாம் தடவை நிறுத்தியது நான்.

இன்று நான் ஒரு வைத்தியசாலையின் பதிவேட்டு அறையில் வேலை செய்கிறேன். வீட்டுக்குப் போகும் நோயாளரின் பத்திரத்தைப் பார்த்து, நோய்க்குரிய குறியீட்டை இடுவது எங்கள் வேலை. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டின் 10 ஆவது பதிப்பில் கோணற் பாதம் 'கியூ 66.0'. முன்பாதம் மட்டும் உள்ளே வளைந்தால் 'கியூ 66.2'. பாதம் மேல்நோக்கி மடிந்து வெளியே திரும்பினால் 'கியூ 66.4', இது பெரும்பாலும் இலகுவாகச் சரியாகும். பத்திரத்தில் "கால் கோணல்" என்று மட்டும் இருந்தால், 'கியூ 66.9' என்ற பொதுக் குறியீட்டைத்தான் இடமுடியும். கோணற் பாதப் பிள்ளைகளின் கணக்கில் அந்தப் பிள்ளை சேராது. எழுதப்படாததை நாங்கள் குறிக்கமுடியாது. அடுத்த வைத்தியர் தொடரவும் முடியாது. முகாமில் என்னிடம் கேட்ட துண்டின் பெறுமதி எனக்கு இங்கேதான் விளங்கியது.

ஆகவே தாய்மாரே, நோயின் பெயர், எந்தக் கால், எத்தனையாவது கட்டு, அடுத்த திகதி ஆகியவற்றைப் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவுப் புத்தகத்தில் எழுதித் தரக் கேளுங்கள். அதைப் பிறப்புச் சான்றிதழோடு வையுங்கள். கட்டுப் போட்ட காலின் விரல்கள் நீலமாகினால், குளிர்ந்தால், வீங்கினால், அல்லது கட்டுக்குள் மறைந்துபோனால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். சப்பாத்து உரசிப் புண்ணானால் கழற்றி எறியாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள், சரிசெய்து தருவார்கள். நடக்கத் தொடங்கிய பிள்ளைக்கும் சிகிச்சை உண்டு. காலம் கடந்துவிட்டது என்று வீட்டில் இருக்கவேண்டாம்.

என் மகன் இப்போது உயர்தரம் படிக்கிறான். வலது கெண்டைக்கால் சற்று மெலிவு. வலது சப்பாத்து ஓர் அளவு சிறிது. ஆனாலும் சைக்கிளில்தான் போய்வருகிறான். போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு குழந்தை அதே பாதத்தோடு பிறந்தது. தாய் அழுதுகொண்டிருந்தாள். மகன் தன் சப்பாத்தைக் கழற்றிக் காலைக் காட்டி, "அக்கா, அந்தச் சப்பாத்தை மட்டும் கழற்றிப் போடாதேங்கோ" என்றான். நான் அவனிடம் அந்தக் கதையை ஒருபோதும் மறைத்ததில்லை.